அம்மாவின் இடக்கால்

சென்ற கல்லறைத் திருநாளன்று, சாமந்திச் சரமும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு அம்மாவின் கல்லறைக்குப் போனேன். சிலுவையில் அண்ணனுடைய மாமனாரின் பெயர் இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அடக்கம் செய்த இடம் அது. எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. ஆண்டுகள் கடந்தபின், குடும்பத்தார் ஒப்பினால், அதே குழியில் அடுத்தவரை வைப்பார்கள். அப்போது பிள்ளைகள் உடன் நின்று, பழைய எலும்புகளைப் பன்னீர் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் கட்டி, புதிய பெட்டியின் தலைமாட்டில் வைக்க வேண்டும். செப்டம்பரில் அந்த மாமனார் இறந்தபோது எனக்குத் தேர்வு, அடக்கத்துக்குப் போகவில்லை. அவர்களுடைய குடும்பக் கல்லறையில்தான் அடக்கம் என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

மூலக்குளத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"சொன்னா நீ அழுவ. பரீட்சை வேற உனக்கு."

"அம்மா எலும்பெல்லாம் எங்கண்ணா?"

"எனக்கு இன்னா தெரியும்? கையெழுத்துப் போட்டேன், வந்துட்டேன். அது வெறும் எலும்பு பாப்பா. அம்மாவா அது? அம்மா நம்ம மனசுல இருக்காங்க."

நான் இலக்கியம் படிப்பவள். உயிர்ப்பு ஓர் அழகிய உருவகம், இறந்தோர் நம் நினைவில் வாழ்வதே அதன் பொருள் என்று கல்லூரியில் கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கியவள். அண்ணன் சொன்னது என் கட்டுரையைத்தான். நினைவில் மட்டும் வாழ்பவருக்கு எலும்பு எதற்கு? அவர் என்னை ஏமாற்றினார். நான் அம்மாவை அதற்கு முன்பே கைவிட்டிருந்தேன்.

மூன்று ஞாயிறுகள், திருப்பலியில் எல்லோரும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் உடலின் உயிர்ப்பைச் சொல்லும் வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். நான்காம் ஞாயிறு ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆண்டவரே, அவரை எங்கே வைத்தார்கள்?" மகதலா மரியாவும் கல்லறைத் தோட்டத்தில் அழுதபடி இயேசுவின் உடலைத்தான் தேடினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திருப்பலி முடிந்ததும் கல்லறைக்குப் போனேன். குழி வெட்டும் பெரியவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பெயர் நினைவில்லை.

"எடது கால்ல தகடு வச்சிருந்தவங்களா?"

தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போகும்போது பேருந்திலிருந்து விழுந்து, எஃகுத் தகடு வைத்த கால் அது. இறக்கும்வரை அம்மா அந்தக் காலைச் சாய்த்தே நடந்தார்.

"புள்ளைங்க யாரும் வரல. மனசு கேக்கல. நானே துணில கட்டி மதிலோரம் பொதச்சேன். கல்லு ஒண்ணு நட்டிருக்கேன், வாம்மா."

உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களிடம் தழும்புள்ள கைகளைக் காட்டினார். சிலுவையில் தொங்கிய அதே கைகள். அந்த மதிலோரத்தில் மண்டியிட்டு, விட்ட வரியை முழுதாகச் சொன்னேன்.

மறுநாள் அண்ணனை அழைத்தேன். வந்தார், கல்லறை வாசலில் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவரை இன்னும் நான் முழுமையாக மன்னிக்கவில்லை. அதற்காகவும் செபிக்கிறேன். அந்தக் கட்டுரையை இப்போது யாருக்கும் படிக்கத் தருவதில்லை.

சகோதர சகோதரிகளே, கடலிலும் நெருப்பிலும் உறவுகளை இழந்து, ஓர் எலும்பும் கிடைக்காதவர்கள் உங்களில் இருக்கலாம். எனக்குக் கிடைக்காதிருந்தாலும் ஆண்டவர் அம்மாவை எழுப்பியே தீருவார். என் பலவீனத்துக்கு இரங்கி இடத்தைக் காட்டினார். நாம் கைவிட்ட உடல்களை அவர் கைவிடுவதில்லை. நம்புங்கள். ஒருநாள் அம்மா அந்த இடக்காலை ஊன்றி எழுவார். அன்று அவர் எதிரே அண்ணனும் நானும் நிற்க வேண்டும்.