பன்னிரண்டு பத்துக்கு வெடித்த சூரியன்

எம்.ஃபில். சேர்ந்தபோது என் ஆசை பெரியது. தூரத்துச் சிவப்பு நட்சத்திரங்கள் திடீர் திடீரென்று வெடித்துப் பிரகாசிப்பதை ஆராயப் போவதாகச் சிதம்பரத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டெலஸ்கோப் வச்சிருக்கியாப்பா?"

"இல்ல மேடம்."

"அப்ப பக்கத்துல இருக்கிற நட்சத்திரத்தப் பாரு. அதுக்குப் பேரு சூரியன்."

அதற்கு ஒரு ரேடியோ போதும் என்றார். தெற்கே கடற்கரை நிலையம் ஒன்று கப்பல்களுக்காக ஓயாமல் சிக்னல் அனுப்புகிறது. அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நம்மிடம் வருகிறது. சூரியனில் வெடிப்பு நடந்தால் அந்த அடுக்கு மாறும், சிக்னல் எகிறும். அப்படி ஓர் எகிறலையாவது பிடித்து, அது சூரிய வெடிப்புகளைக் குறித்துவைக்கும் செயற்கைக்கோள் பட்டியலில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போனால் ஆய்வேடு முடிந்தது. இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம். அதாவது, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பாவின் முகத்தை இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும்.

அது 2012. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மொட்டைமாடியில், புயலில் பறந்துபோன கொட்டகையின் மிச்சச் சட்டங்களை வைத்து ஆளுயரச் சதுரம் ஒன்று அடித்து, அதில் கம்பியைச் சுற்றினேன். அதுதான் ஆன்டெனா. அதை மடிக்கணினியில் மாட்டினால் சிக்னல் திரையில் கோடாக ஓடும். எதிர்வீட்டு மாமா தம் மாடியிலிருந்து பார்த்தார்.

"கட்டிலா மாப்ள?"

"சூரியன ஆராயறேன் மாமா."

"அது மேல இருக்கு. நீ கீழயே குனிஞ்சிட்டிருக்க?"

மாமாவுக்கு அறிவியல் தெரியாது என்று மன்னித்துவிட்டேன். இரண்டாம் நாளே சிக்னல் எகிறியது. மூன்றாம் நாளும். மூன்றே வாரத்தில் பதினேழு வெடிப்புகள்! ஒரே ஒரு தொல்லை: தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என் கருவிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். மற்ற நேரங்களில் புசுபுசுவென்று ஓடும் கோடு, அப்போது மட்டும் நூல்போல மெலிந்துவிடும். பேட்டரி கோளாறு என்று முடிவுகட்டி, அந்த இரண்டு மணி நேரப் பதிவைத் தினமும் பொறுப்பாக அழித்தேன்.

பேருந்தில் சிதம்பரம் போய்ப் பதினேழையும் மேடத்தின் மேசையில் பரப்பினேன். செயற்கைக்கோள் பட்டியலை நம் நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"எல்லாம் பன்னெண்டு பத்துக்கே வெடிச்சிருக்கு. சூரியனுக்கு டைம்டேபிளா?"

"அதான் மேடம் எனக்கும் ஆச்சரியம்."

"ஞாயித்துக்கெழம மட்டும் வெடிக்கல."

"ஆமா மேடம்."

"அந்த நேரத்துல உங்க வீட்ல என்னப்பா நடக்கும்?"

"ஒன்னுமில்ல மேடம். பத்துலேர்ந்து பன்னெண்டு கரண்ட் கட்டு. கரண்ட் வந்ததும் அம்மா கிரைண்டர் போடுவாங்க. மாவு அரைச்சு விக்கிறாங்க. ஞாயித்துக்கெழம லீ..."

'லீவு' என்று முடிப்பதற்குள், என் ஆன்டெனா பிடித்தது கிரைண்டரை என்று எனக்கே புரிந்துவிட்டது.

மேடம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பட்டியலில் ஓரிடத்தில் விரலை வைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஐந்துக்கு, நிஜமான பெரிய வெடிப்பு.

"தெருவே கரண்ட் இல்லாம அமைதியா இருந்த நேரம். இதவிட நல்ல பதிவு கெடைக்காது. எங்க அது?"

"அழிச்சிட்டேன் மேடம்."

ஆறு மாதச் சாப்பாடு கண்முன் வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: அழித்தேனே தவிர, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைக் காலி செய்ததில்லை. அவ்வளவு சுறுசுறுப்பு எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. மடிக்கணினியை அங்கேயே திறந்து, பாட்டுக்கும் படத்துக்கும் நடுவே துழாவினேன். செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

மெல்லிய கோடு. பதினொன்று ஐந்துக்கு விருட்டென்று ஏறி, பிறகு அவசரமே இல்லாமல் அரை மணி நேரம் இறங்கியிருந்தது. எங்கள் அப்பாவின் கோபம் அச்சு அசல் அப்படித்தான். கிரைண்டர் கோடுகளோ சுவர்போல ஏறி, சுவர்போல இறங்கியிருந்தன.

"இதுதான்பா சூரியன்," என்றார் மேடம். "மத்ததெல்லாம் உங்கம்மா."

சாயங்காலம் வீட்டில் நுழைந்ததும் அம்மா கேட்டார். "என்னடா, தேறுமா?"

"தேறிடும்மா. பதினேழுல ஒன்னுகூட இல்ல. அழிச்சதுல ஒன்னு இருந்துச்சு."

"அந்தப் பதினேழு?"

"அது நீ."

அம்மா மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். "அப்ப பொஸ்தகத்துல நானும் வருவனா?"

வந்தார். ஆய்வேட்டில் படம் மூன்று சூரியன், படம் இரண்டு அம்மா. படம் இரண்டின் கீழே, வீட்டு மின்கருவியின் வேண்டாத இரைச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். அதை இன்னும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை.