பாலின் கடைச் சுவர் வாழ்த்து

கார்க் நகரத்தில், ஸெலிக் பாலினின் தையல் கடைச் சுவரில் ஐரிஷ் மொழியில் எழுதியிருப்பது ஏதோ பழைய ஆசீர்வாதம் என்று தெருவில் ஒரு பேச்சு. ஐரிஷ் படித்தவர்கள் அந்தச் சுவரைக் கடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு கிளம்பிய இடத்தை விசாரித்துக்கொண்டே போனால், கடைகளுக்குப் போர்டு எழுதும் டோனல் கீஹானின் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியிருந்தது.

போர் முடிந்த சமயம் டோனல் தூய தாயகக் கட்சியில் இருந்தான். ஜெர்மனி தோற்ற பிறகும் அதன் யூத வெறுப்புச் சரக்கை இங்கே விற்கலாம் என்று நம்பிய கட்சி. மதுக்கடைப் பின்னறையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் மாநாடு, எழுந்தால் ஊர்வலம். நாட்டில் இனி ஐரிஷ் மட்டுமே என்று ஆங்கிலத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆட்சிக்கு வந்ததும் டோனலுக்குத் தபால் இலாகா என்றும் முடிவு செய்திருந்தார்கள். அந்த மிதப்பில்தான், ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், 'யூதனே, வெளியேறு' என்று பாலின் சுவரில் எழுதினான். கட்சி விதிப்படி ஐரிஷில். தொழில் விடுமா? எழுத்துக்கு அழகாக நிழலும் கொடுத்திருந்தான்.

மறுநாள் அந்தப் பக்கம் போன டோனலைப் பாலின் கூப்பிட்டார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"வர்றவங்க எல்லாரும் நல்லா இருக்கணும்னு... ஐயா."

"யாரோ நல்ல மனுஷன்," என்றார் பாலின்.

தேர்தலில் வேட்பாளரின் மனைவியே வாக்களிக்கவில்லை என்று கேள்வி. கட்சி போயிற்று, சுவர் நின்றது. டோனல் சுற்று வழியில் நடக்கப் பழகினான். ஆனால் அவன் கட்டிக்கொள்ளப்போகிற ஃபிலோமினா, அவனுடைய கல்யாணக் கோட்டுக்குத் துணியைப் பாலினிடமே தைக்கக் கொடுத்துவிட்டாள்.

அளவு சரிபார்க்கும்போது பாலின் சொன்னார்: "கூலி வேண்டாம். சுவர்ல எழுத்து மங்கிப்போச்சு. அன்னைக்கு நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க, போதும்."

"பழசை அழிச்சுட்டுத்தானேப்பா?" என்றாள் மகள் ஹென்னி, பித்தான் தைத்தபடியே.

"எங்க ஹென்னிக்குப் பள்ளிக்கூடத்துல ஐரிஷுக்கு முதல் பரிசு, தம்பி."

டோனலுக்குக் காது சுட்டது. "அப்போ... முதல்லயே..."

"அன்னைக்கே படிச்சுட்டா. யார் எழுதினதுன்னும் தெரியும். தெருவுல பாதி போர்டு உங்க கைதானே? நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன்."

எழுதவேண்டுமானால் பட்டப்பகலில் ஏணி போடவேண்டும். முதலில் பழையதைச் சுரண்டவேண்டும். ஆசீர்வாதத்தை ஏன் அழிக்கிறாய் என்று தெரு கேட்கும்.

கோட்டு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது; கூலிதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு, சுற்று வழியில்தான் போகிறான்.