செந்தில் அண்ணன், கழுத்துக் கட்டி

நான் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறேன். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனால் படித்தது கிறிஸ்தவக் கல்லூரியில். விடுதித் தோழிகள் ஏழு பேரும் கிறிஸ்தவர்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் ஜெபக் குறிப்பு போடுவோம்.

போன வருடம் என் கணவர் கழுத்தில் கட்டி வந்ததும், பயந்துபோய்க் குழுவில் எழுதினேன். வெறும் கொழுப்புக் கட்டி என்று தெரிந்த நிம்மதியில், அதைச் சொல்ல மறந்தேவிட்டேன்.

சென்ற மாதம் தோழி ஜெஸ்ஸி வட்டவடையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து என் கணவர் கழுத்தையே பார்த்தாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவர் வெளியே போனதும், "அண்ணனுக்கு இப்ப எப்படிடி இருக்கு?" என்றாள்.

"அது வெறும் கொழுப்புக் கட்டின்னு அப்பவே சொல்லிட்டாங்க புள்ள."

அவள் பைபிளிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். 'செந்தில் அண்ணன், கழுத்துக் கட்டி' என்று எழுதியிருந்தது. ஏழு பேரும் தினமும் காலையில் அவருக்காக ஜெபித்து வந்திருக்கிறார்கள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கெட்ட சேதியா இருந்தா, கேட்டா உனக்குத்தான வலிக்கும்."

என்னிடம் பேனா வாங்கி, 'கழுத்துக் கட்டி'யை மட்டும் அடித்தாள். பெயரை அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் நல்ல செய்தியை உடனே குழுவில் போட்டுவிடுகிறேன். கோயிலில் அர்ச்சனைக்கு அந்த ஏழு பெயர்களையும் சொல்கிறேன். பூசாரி நட்சத்திரம் கேட்கும்போதுதான் முழிக்கிறேன்.