வெள்ளைக் குளிகையை நம்பாத நாட்கள்

பிற்பகல் மூன்று பத்து. பள்ளிக்கூடத்தால் வந்து சேலை மாற்றிவிட்டு, படுத்திருந்த மகளைத் தேத்தண்ணி குடிக்க எழுப்பப் போனேன். தோளைப் பிடித்து உலுப்பினேன். கண்ணை அரைவாசி திறந்து, நாக்குத் தடிக்க ஏதோ சொல்லிவிட்டு மறுபடியும் சரிந்தாள். ஒன்பது வயது. காலடிச் சத்தத்துக்கே எழும்புகிற பிள்ளை.

என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரியைக் கூட்டிவர ஓடினார். நான் அவளுடைய மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடி இருந்தேன். மூச்சு வந்தது. ஆனால் மெதுவாக வந்தது.

அவளுக்கு ஐந்து வயதிலிருந்து வலிப்பு. தினமும் காலையில் ஒரு குளிகை. கொழும்பிலிருந்து என் தம்பி வாங்கி அனுப்புவான். நீலப் போத்தல், தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர், உள்ளே வழவழப்பான இளஞ்சிவப்புக் குளிகைகள். அதற்குக் காசு அனுப்பும் மாதங்களில் எங்கள் வீட்டில் மீன் குறையும், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டும்.

பிறகு அரசாங்கம் மருந்துகளைத் தானே மொத்தமாக வாங்கி, கம்பெனிப் பெயரை விட்டு, மருந்தின் சொந்தப் பெயரிலேயே மலிவாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆசிரியர் அறையில் அதற்காக வாதாடியவள் நான்தான்.

"திரியாயிலை தோட்டம் செய்யிறவரும் இனிப் பிள்ளைக்கு மருந்து வாங்கலாம்" என்றேன்.

"உங்கடை பிள்ளைக்கும் அதைத்தான் குடுப்பீங்களோ, ரீச்சர்?" என்று கணக்கு வாத்தியார் சிரித்தார்.

"ஓம். ஏன் குடுக்காமல்?"

அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஆஸ்பத்திரியில் பழையதற்குப் பதிலாகக் கொடுத்த குளிகைகளைக் கடதாசி உறையிலிருந்து கையில் கொட்டியபோது மனம் கேட்கவில்லை. சோக்கட்டித் துண்டு மாதிரி வெள்ளை, மினுக்கம் இல்லை. இவ்வளவு மலிவான குளிகைக்கு வலிப்பை மறிக்கிற பலம் எங்கிருந்து வரும்? ஊருக்கு அது நல்லதாக இருந்தது. என் பிள்ளைக்குப் போதாததாக இருந்தது. இரண்டையும் ஒரே மனம்தான் நினைத்தது.

நீலப் போத்தலில் இன்னும் மிச்சம் இருந்தது. டொக்டர் சொன்னதற்காக வெள்ளை, என் பயத்துக்காகச் சிவப்பு. பன்னிரண்டு நாள் இரண்டையும் கொடுத்தேன். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் வகுப்பில் தூங்கி விழுந்ததை வெயிலின் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணி தாண்டியது. முகத்தில் தண்ணீர் தெளித்தேன், முனகினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், முனகவும் இல்லை.

கடைசியில் சைக்கிள் மணி கேட்டது. பின் கரியரில் அப்போதிக்கரி ஐயா, மடியில் தோல் பை. அவர் பிள்ளையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார், காது மடலைக் கிள்ளினார். அவள் "ஆ, விடுங்கோ" என்று கையைத் தட்டினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

அலுமாரியிலிருந்து போத்தலையும் உறையையும் எடுத்து வைத்தேன். "ரெண்டும்" என்றேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதிக்கரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தங்க எழுத்துக்குக் கீழே கிடந்த பொடி எழுத்தில் விரலை வைத்தார். உறையில் மையால் எழுதியிருந்த அதே மருந்துப் பெயர்.

"அட்டையைப் பாத்தோ ரீச்சர் நீங்கள் பள்ளிக்கூடத்திலை புத்தகம் படிப்பிக்கிறனீங்கள்?"

அவர் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ. ஒரே மருந்து இரட்டிப்பாப் போனதாலை வந்த மயக்கம். மூச்சு நல்லாயிருக்கு. வடிவா எழும்பும் மட்டும் நான் இஞ்சைதான் இருப்பன். சுணங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். நாளைக்கு டொக்டரிட்டைக் காட்டுங்கோ, அவர் சொன்னாப் பிறகு குடுங்கோ. வெள்ளையோ சிவப்போ, ஒண்டு. எது எண்டாலும் ஒண்டு."