ஏரி மிருகமும் சந்தன மாலையும்

தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் மறுபடியும் நின்றது என்று ஓடிக்கொண்டிருந்த எங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்து விழுந்தது. ‘கொரட்டூர் ஏரியில் மர்ம மிருகம்! உண்மைச் சம்பவம்!’ என்று மேலே சிவப்பு எழுத்து. அனுப்பியவர் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டாம் மாடியில் குடியேறியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். பிள்ளைகளை ஏரிக்கரைக்கு விளையாட விடவேண்டாம் என்று செயலாளர் உடனே அறிவிப்பும் போட்டுவிட்டார்.

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வீடியோவைத் தட்டினேன். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஓர் ஆண்குரல்: ‘அமைதியான ஏரி... ஆனால் அதன் அடியில்?’ எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த வசனம் நான் எழுதியது. புள்ளிகளும் கேள்விக்குறியும்கூட என்னுடையவைதான். தோசை கருகிய வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

என் முதல் வேலை அது. பேய், பிசாசு, பறக்கும் பாம்பு, இரண்டு தலைக் கன்றுக்குட்டி என்று ஊர் ஊராகப் போய் ‘ஆராய்கிற’ வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் சொல்லவில்லை. வேலப்பன்சாவடியில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் மாறிப் போவேன். அப்பாவுக்கு ராணுவ டாங்க் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு டிவியில் வேலை என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டு, என்ன நிகழ்ச்சி என்று கேட்டால் ‘பொது அறிவு’ என்பார்.

படப்பிடிப்பு எல்லாமே பட்டப்பகலில்தான் நடக்கும். ராத்திரியில் லைட்டுக்கு எங்கே போவது? பகலில் எடுத்து, எடிட்டிங்கில் நீலம் பூசி நள்ளிரவாக்கிவிடுவார்கள். அதனால் எங்கள் நள்ளிரவுகளில் ஆடு மேயும், ஐஸ்காரர் சைக்கிளில் போவார், காக்கை கத்தும். புகை மிஷினுக்குப் பதிலாகச் சாம்பிராணி. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டால் எனக்குப் பக்தி வருவதில்லை, ‘ஆக்‌ஷன்’ என்று டைரக்டர் கத்துவதுதான் காதில் விழுகிறது.

அந்தச் சாம்பிராணிக்கு அதிகாரி மூர்த்தி அண்ணன். பாடி ஊர்க்காரர். எங்கள் குழுவின் அலங்காரம், சமையல், சண்டை விலக்கல் எல்லாம் அவர்தான். அவரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. மண்டை ஓடு, குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு சந்தன மாலை. செத்தவர் படத்துக்குப் போடுவார்களே, சந்தனச் சீவலில் செய்தது, அந்த மாலை. எத்தனை பேருடைய படத்துக்கு அது போயிருக்கும் என்று அவருக்கே தெரியாது. எங்கள் நிகழ்ச்சியில் யாருடைய புகைப்படம் வந்தாலும் அவர் உயிரோடு இல்லை என்பதுதான் வழக்கம். படம் என்றால் மாலை, மாலை என்றால் படம் என்று மூர்த்தி அண்ணனுக்குக் கை பழகிவிட்டது.

கொரட்டூர் ஏரிக்கு நாங்கள் போனது ‘நீட்டுக்கழுத்தன்’ என்ற மிருகத்தைத் தேடி. தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு கழுத்து எழும்பும், முழுகும், வேறு இடத்தில் எழும்பும் என்று கரையோரத்தில் பேச்சு. பாம்புத்தாரா என்று ஒரு பறவை இருக்கிறது, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும். அதுவாகத்தான் இருக்கும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். ஆனால் எங்கள் கேமராமேன், எந்தப் பறவைக்கு இவ்வளவு பருமன் என்று கடைசிவரை அடித்துப் பேசினார். அவர் எடுத்ததையும் பார்த்தேன், எனக்குப் பறவையாகவும் தெரிந்தது, மிருகமாகவும் தெரிந்தது.

மிருகத்துக்குச் சாட்சி வேண்டும். அப்படித்தான் கஸ்தூரி அக்கா கிடைத்தார். ஏரியை ஒட்டி ஓட்டுவீடு. கணவர் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தவர், பெயர் கன்னியப்பன். தொழிற்சாலையை மூடிய மறு மாதம், மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் போனவர் திரும்பவில்லை. கரையில் சைக்கிள் இருந்தது, செருப்பு இருந்தது. வலைபோட்டுத் தேடியும் உடல் இல்லை. மிருகம் இழுத்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. அக்கா மட்டும் பொட்டையும் பூவையும் விடவில்லை.

என் வேலை சாட்சிகளைப் பேச்சுக்குத் தயார்செய்வது. மிருகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“நான் ஒன்னியும் பாக்கல. இன்னா சொல்லணுமோ சொல்லு, சொல்லிட்றேன். ஆனா அவரு போட்டோவ டிவில நல்லா பெருசா காட்டணும்.”

“எதுக்குக்கா?”

“அவரு சாவல. ஊட்ல செருப்ப ஒன்னு வாசல்ல, ஒன்னு தெருவுல வுட்றவரு. ஏரியாண்ட மட்டும் ஜோடியா நிறுத்தி வெச்சிட்டு போவாரா? வேல போச்சுன்னு வெக்கம். எங்கியோ போய் ஒக்காந்துகினு கீறாரு. எவனாவது மூஞ்சிய பாத்துட்டு சொல்லுவான்ல?”

செருப்பை ஜோடியாக வைத்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுச் சாகப் போகிறவர்களும் உண்டுதானே. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. போட்டோவை முழுத் திரையில் காட்டுவதாக டைரக்டரிடம் வாக்கு வாங்கிக்கொடுத்தேன். அக்காவும், ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்தவர் மாதிரி, கழுத்து எழும்பியதையும் தண்ணீர் சுழித்ததையும் கேமராவுக்கு முன் அழகாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பயம் வந்தது.

பிறகு அவர் எங்களுக்காக டீ போட உள்ளே போனார். கேமராமேன் போட்டோவைப் படம்பிடிக்கத் தொடங்கினார். டீயோடு அக்கா வெளியே வந்தபோது கன்னியப்பன் கழுத்தில் சந்தன மாலை, பக்கத்தில் சாம்பிராணிப் புகை.

டீத் தட்டை அவர் கீழே போடவில்லை. மெதுவாக வைத்துவிட்டு, மாலையைக் கழற்றி மூர்த்தி அண்ணன் கையில் கொடுத்தார்.

“உசுரோட கீற ஆளுக்கு இன்னாத்துக்குய்யா மால?”

“மன்ச்சிக்க தாயி. பயக்க தோஷம். கை தானா போயிட்ச்சி.” அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். சாம்பிராணியையும் தண்ணீர் ஊற்றி அணைத்தார். மாலை இல்லாமல் மறுபடியும் எடுத்தோம். எல்லோரும் டீ குடித்தோம். பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பில் வந்தது முதலில் எடுத்த படம். டேப்பில் இரண்டும் இருந்திருக்கின்றன. ஆபீஸை விட்டு வெளியே வராத எடிட்டர், புகையோடு இருந்தது ‘எஃபெக்டா இருந்துச்சு’ என்று அதைச் சேர்த்துவிட்டார். முழுத் திரையில், கன்னியப்பன், மாலையோடு. கீழே எங்கள் ஆபீஸ் போன் நம்பர் ஓடியது.

மறுநாள் போன் ஓயவில்லை. அதுவும் வழக்கம்தான். பேய் எபிசோடு போட்டால் ‘நான்தான் அந்தப் பேய் பேசறேன்’ என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பையன்கள் யாரோ, “மேடம், நீட்டுக்கழுத்தன் பேசறேன், கழுத்து வலிக்குது” என்றார்கள். எரிச்சலோடு போனை வைத்தேன், உடனே மறுபடியும் அடித்தது.

“நேத்து மால போட்டு காட்டினீங்களே, அது நான்தாம்மா.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. “ஓகோ, சொல்லுங்க.”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. “மாலய ஊட்ல போட்டாங்களா?”

சிரிப்பு நின்றது. “யாருங்க பேசறது?” என்றேன். வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே கொரட்டூருக்கு ஓடினேன். அக்கா வீட்டில் கூட்டம். டிவியே மாலை போட்டுவிட்டது, இனி என்ன சந்தேகம் என்று கணவர் வீட்டுச் சொந்தங்கள் காரியத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பின்பக்கம் அழைத்துப்போய்ப் போன் வந்த கதையைச் சொன்னேன். கேட்டவர் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“குரலு எப்டி இருந்திச்சி?”

கரகரப்பா, சன்னமா, வயசானதா? ஒன்றுமே நினைவில்லை. அவரா, எவனாவது விளையாட்டுப் பிள்ளையா? அன்றைக்கும் குழப்பம், இன்றைக்கும் குழப்பம்.

அக்கா வேறு எதையும் கேட்கவில்லை. “அவராதான் இருக்கும். நான் மால போட்டுட்டேன்னு நெனச்சிகினு போயிட்டாரு. இன்னொரு வாட்டி காட்ட சொல்லும்மா. மால இல்லாம. நான் போடலன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

டைரக்டர் ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான். நீட்டுக்கழுத்தனுக்கு இரண்டாம் பாகம் எடுக்கலாம், அதில் சேர்த்துக்கொள்வோம் என்றார். அதற்குள் சேனலை யாரோ வாங்கினார்கள், நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். டயர் கடைக்கு மேலே வேறு போர்டு வந்தது. நான் விளம்பரக் கம்பெனிக்குப் போனேன், கல்யாணம், பிள்ளை, கொரட்டூரிலேயே ஃபிளாட். அக்கா வீடு இருந்த வரிசையில் இப்போது எங்களுடைய மாதிரியே இன்னொரு அடுக்குமாடி. காவலாளியிடம் விசாரித்தேன், அவர் வேலைக்கு வரும் முன்பே வரிசை முழுவதும் போய்விட்டதாம். மூர்த்தி அண்ணன் இல்லை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. வீடியோவின் அடியில் ஓடுகிற நம்பரை ஆசைக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது.

போனது எல்லாம் போக, அந்த மாலை மட்டும் போகவில்லை. வீடியோவுக்குக் கீழே கூட்டம் கூட்டமாகக் கருத்துகள். ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஆத்மா சாந்தி அடையட்டும்’, கைகூப்பிய படங்கள். கன்னியப்பன் எங்காவது இருந்தால், எந்தப் பஸ் ஸ்டாண்டிலாவது யாராவது இதை அவரிடம் காட்டுவார்களோ?

நானும் எழுத உட்கார்ந்தேன். ‘மிருகம் இல்லை’ என்று அடித்து, கேமராமேன் ஞாபகம் வந்து அழித்தேன். ‘அவர் உயிரோடு இருக்கிறார்’ என்று அடித்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அதையும் அழித்தேன். அந்த நிகழ்ச்சியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அதை எழுதிப் போட்டுவிட்டுப் போய்த் தோசைக்கல்லைத் தேய்த்தேன்.

‘அந்த மாலையை அவர் மனைவி போடவில்லை.’