அத்திம்பேர் படகின் அடிப்பாகம்

ஸ்ரீவராகம் பேட்டையில் உள்ள வீட்டின் கொல்லைப்புறத்தில் அத்திம்பேர் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நிற்கிறார். அக்கா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, எட்ட நின்று, வாளித் தண்ணீரை அவர்மேல் வீசுகிறாள். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாளும் சந்தியாவந்தனம் தவறாதவர், செத்த சிப்பியின் நாற்றத்தோடு வீடு திரும்புவார் என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததில்லை. என் அக்கா நிச்சயமாக நினைத்ததில்லை.

ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், அல்லது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி அக்கம்பக்கத்தைத் துன்புறுத்துவார்கள். அத்திம்பேர் மீன்பிடித் துறைமுகமான விழிஞத்துக்குப் போய், ஊரை விட்டுக் கிளம்பிய ஒருவரிடமிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். காலையில் துறைமுகச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவார், எஞ்சினை அணைப்பார், சும்மா உட்கார்ந்திருப்பார், திரும்பி வருவார். அங்கிருந்த மீனவர்களுக்கு இது விளங்கவே இல்லை. ஒருவர் கேட்டே விட்டார்: “மீன் பிடிக்காத்த போட்டு எதுக்காக்கும் ஸ்வாமீ?” அத்திம்பேர், “நீங்கள்லாம் பிடிக்க வரச்சே அதுகளுக்கு ஒளிஞ்சுக்க ஒரு நிழல் வேண்டாமா?” என்றார்.

பிறகு அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. படகை விற்றுவிட வேண்டும் என்று அக்கா சொன்னாள். அவர் மன்றாடியதில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கவனிப்பாரில்லாமல் தண்ணீரில் கிடந்த படகின் அடியெல்லாம் சிப்பி அப்பியிருந்தது. அதைக் கரையேற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து, புது அடிப்பெயிண்ட் அடித்து, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் தண்ணீரில் இறக்கிவிட்டால் படகு அவருக்கு. முடியாவிட்டால் விற்பனை. அக்கா இதற்குச் சம்மதித்ததில் தாராளம் எதுவும் இல்லை. பரணைச் சுத்தம் செய்ய ஆவணி ஓணத்தில் ஆரம்பித்துச் சித்திரை விஷுவில் முடிப்பவரோடு அவள் குடித்தனம் நடத்தியவள்.

நான் துறைமுக அலுவலகத்தில் படகுகளைப் பார்வையிட்டுச் சான்றிதழ் தரும் வேலையில் இருந்தவன். படகின் அடியைப் பற்றி எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை. எதையும் கையால் செய்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அரசாங்கம் அதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை. எனவே அத்திம்பேருக்கு முறையை விளக்கினேன். படகு மேலேறிய உடனே, ஈரம் காய்வதற்குள், நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே சிப்பியைச் சுரண்ட வேண்டும். ஈரத்தில் அது பெயர்ந்து வரும், காய்ந்துவிட்டால் சிமெண்ட். அதன்பின் நீர்விட்டுத்தான் உப்புத்தாள் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பழைய பெயிண்டின் தூள் விஷம். நன்றாக உலரவிட்டு, துடைத்து, வெடிப்புகளை அடைத்து, முதல் பூச்சு, பிறகு பெயிண்ட். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாலைக் கடைத்தெருவில் போய் சுரண்டும் தகடும் உப்புத்தாளும் கையுறையும் வாங்கி வந்தார்.

மேட மாதத்தில், அதாவது சித்திரையில், ஒருநாள் மீனவர்கள் கூடி இழுத்துப் படகைக் கரையேற்றிக் கொடுத்தார்கள். அடிப்பாகத்தைப் பார்த்தேன். சின்னச் சின்ன எரிமலைகளைப் போல ஆயிரக்கணக்கான சிப்பிகள். சில இன்னும் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தகட்டை எடுங்கள் என்றேன். அத்திம்பேர் குனிந்து வெகு நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உசிரோட இருக்கே.”

“இருக்கும். அதனாலதான் இப்பவே சுரண்டணும்.”

“நாளைக்கு அப்பா ஸ்ரார்த்தம். அதுக்கு மறுநாள் ஏகாதசி. இத்தனை உசிரை என் கையால கொல்லச் சொல்றயா? வெயில்ல அதுகளா போகட்டும். பாவம் சூரியனுக்குப் போய்ச் சேரும்.”

“சூரியனுக்கா?”

“தினம் அவருக்கு அர்க்யம் விடறேனே. இதைக்கூடத் தாங்கிக்க மாட்டாரா?”

நான் தகட்டையும் கையுறையையும் திரும்பப் பையில் வைத்தேன். ஸ்ரார்த்தம் நடந்தது, ஏகாதசி கழிந்தது, துவாதசியில் விரதத்தைப் பாரணையோடு முடித்து அவர் விழிஞம் போனபோது சூரியன் தன் பங்கைச் செவ்வனே செய்து முடித்திருந்தார். சிப்பிகள் செத்து, நாறி, கல்லாகியிருந்தன. தகட்டை வைத்து அழுத்தினால் தகடு வளைந்தது. வேகமாக அடித்தால் ஃபைபரே பெயரும். எலுமிச்சம்பழ அளவு இடத்தைச் சுத்தம் செய்ய ஒரு காலைப்பொழுது போனது. மருத்துவர் கையை ஓங்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், படகின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுரண்டுவார். தினமும் கொல்லைப்புறக் குளியல். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். அது உடன்பாட்டில் இல்லை என்றார். இல்லைதான், நானே கூட இருந்து கேட்டது.

வைகாசி பிறந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் இடவம். தெற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. படகில் பாதிகூடச் சுத்தமாகவில்லை. அத்திம்பேர் காப்பியை ஆறவிட்டுக் குடித்தார். ஒருநாள் அக்கா, “வா, நானும் வரேன். என்ன லட்சணத்துல இருக்குன்னு பாக்கணும்” என்று என்னோடு ஆட்டோவில் ஏறினாள். ஜெயித்தவள் முகம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அத்திம்பேர் படகின் அடியில் படுத்திருந்தார். தகடு கையில் இருந்தது, கை அசையவில்லை. குனிந்து பார்த்தேன், நெஞ்சு ஏறி இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் நீலப் பெயிண்டுத் தூள் அப்பியிருந்தது. அக்கா அவரை எழுப்பவில்லை. படகைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து, கிடந்த இன்னொரு தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் அவர் கண் விழித்தார்.

“நீ எதுக்கு இதெல்லாம் பண்றே?”

“விக்கணும்னு சொன்னவ நான்தானே? இந்தக் கோலத்துல எவன் வாங்குவான்? மூஞ்சியத் தொடச்சுண்டு அந்தப் பக்கத்தப் பாருங்கோ.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். நான் விதிமுறைப்படி முகக்கவசம் அணிய வேண்டும் என்று நினைவூட்டினேன். அக்கா எனக்கும் ஒரு தகட்டை நீட்டினாள். என் உத்தியோக வாழ்க்கையில் நான் தொட்டறியாத பொருள். மூவரும் மாறி மாறி, சில நாள் சண்டை போட்டுக்கொண்டும் சில நாள் பேசாமலும் சுரண்டினோம். கொல்லையில் இப்போது மூன்று வாளி. முதல் மழைக்கு முந்தைய நாள், புது பெயிண்டோடு, படகு தண்ணீரில் இறங்கியது. விற்பனை பற்றி அக்கா அன்று எதுவும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியமில்லை. அதன்பின் பல வருஷம் அவர் கடலில் உட்கார்ந்திருந்தார். சில காலைகளில் அவளும்.

போன வருஷம் அத்திம்பேர் போய்ச் சேர்ந்தார், தூக்கத்தில், கட்டிலில். படகை இனி என்ன செய்வது என்று யோசித்து, நானே கொல்லத்தில் ஒருவரைப் பிடித்தேன். நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். “சிப்பியோட காட்டினா, வெச்சிருந்தவரைப் பத்தி அவன் என்ன நெனைப்பான்?” என்றாள் அக்கா. சரி என்று இந்த மேடத்தில் கரையேற்றினோம். அன்றைக்கு என்ன திதி என்று அவள் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. ஈரம் காய்வதற்குள் சுரண்டினோம், தேய்த்தோம், பெயிண்ட் அடித்தோம். உலர்ந்ததும் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

“அடிச்ச பெயிண்டை ரொம்ப நாள் தண்ணில விடாம வெச்சா வீணாப் போயிடும்னு போட்டிருக்கே. இறக்கிடு.”

இறக்கினோம். நேற்றுக் கொல்லத்துக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டார். அடிப்பாகத்தைப் பார்க்காமல் யாரும் படகு வாங்கக் கூடாது, அதுதான் முறை. படகு இப்போது தண்ணீரில் இருக்கிறது, அடுத்த மேடத்தில் கரையேற்றும்போது வாருங்கள் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன்.