ஈசான மூலையில் கக்கூஸ்

துணுக்காய்ப் பக்கம் காட்டை வெட்டிக் குடியேற்றத் திட்டமொன்று தொடங்கியபோது, அதன் வீட்டுக் காணிகளுக்குப் படம் கீறிய மேதை நான்தான். வவுனியாக் கந்தோரில் சீமைப் புத்தகமொன்றை விரித்துவைத்துக்கொண்டு கீறினேன். எல்லா வீடும் மேற்கே றோட்டைப் பார்க்கும். கிணறு முன்னுக்கு, தென்மேற்கு மூலையில். கக்கூஸ் ஒருவர் கண்ணிலும் படாமல் பின்னுக்கு, வடகிழக்கு மூலையில். தினமும் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போன எனக்கு, அது ஈசான மூலை என்பது ஞாபகம் வரவில்லை. புத்தகத்தில் ஈசானர் இல்லை.

காணிகளில் முளை அடித்துவிட்டு வந்தோம். சில மாதங்களில் மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் கையெழுத்து வைத்தால்தான் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அவர் வருவதற்கு முதல்நாள் காலை போய்ப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் றோட்டுக்கு முதுகைக் காட்டி, கிழக்கு வாசல் வைத்துக் கட்டியிருந்தன. கக்கூஸுக்கு நான் அடித்த முளையில் கிணறு. கிணற்று முளையில் கக்கூஸ்.

"ஏனக்கா படத்தை மாத்தினனீங்கள்?" என்று ஒரு வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"ஈசானத்தில கக்கூஸ் வைக்கச் சொன்னவன் ஆரெண்டு தெரியாமல் இவ்வளவு நாளும் பொதுவாத் திட்டிக்கொண்டிருந்தனான். நீர்தானே அது? இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

அடுத்த வரிசையில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். கக்கூஸ் என் முளையிலேயே நின்றது. ஆனால் நான் கீறியபடி மேற்குப் பார்க்காமல் வடக்கே திரும்பியிருந்தது. பெண்கள் றோட்டுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர, பின்வேலி எல்லாவற்றிலும் ஆள் நுழையும் பொட்டு. என் படத்திலோ வேலிக்கு ஓட்டையே கிடையாது.

"மேற்கில கிப்லா, தம்பி," என்றார் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் ஒரு பெரியவர். "தொழுற பக்கம் பார்த்துக் குந்தச் சொல்லி எந்தக் கந்தோரில தந்தவங்க?"

கந்தோருக்குத் திரும்பியதும் என் மூளை அபாரமாக வேலை செய்தது. இடித்துக் கட்ட முடியாது, படத்தைத் திருப்பலாமே! வடக்குக் காட்டும் அம்பைச் சவர அலகால் சுரண்டி, தலைகீழாகக் கீறினேன். கிணறு ஈசானத்துக்கு ஓடியது. வாசல் கிழக்கானது. முஸ்லிம் வரிசை மட்டும் மசியவில்லை. அதன்மேல் மைப்போத்தலைத் தவறுதலாகக் கவிழ்த்தேன்.

மறுநாள் காலை, அதிகாரி றோட்டில் ஜீப்பை நிறுத்தி, படத்தை அதன்மேல் விரித்தார். வீடுகளுக்கு மேலால் அடித்த வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்.

"ஐசே, உம்மட படத்தின்படி இண்டைக்குச் சூரியன் மேற்கில உதிச்சிருக்கு."

"சிலவேளை முகில், சேர்," என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

அவர் கையெழுத்து வைக்கவில்லை. சனம் கட்டியதை உள்ளது உள்ளபடி கீறும்வரை நான் தற்காலிகம்தானாம். ஆறு மாதம் எடுத்தது. அந்த ஆறு மாதமும் என் அரசாங்க உத்தியோகம், ஒவ்வொரு படலையாகத் தட்டி, "உங்கட கக்கூஸ் எந்தப் பக்கம் பாக்குது?" என்று மரியாதையாகக் கேட்பது.